துரைக்குப் பின்னால் முதல் கியரில்

1

இந்த மாதம் ஊரிலிருந்து எனக்கு மூன்று கடிதங்கள் வந்தன. மூன்றிலும் ஒரே கேள்விதான். "நம் பக்கத்து மோட்டார் லைசென்ஸ் மலாய் நாட்டில் செல்லுமா? செல்லும் என்றால் அடுத்த கப்பலுக்கே கிளம்பிவிடுகிறேன்." எழுதியவர்களில் ஒருவர் திண்டுக்கல் – பழனி பஸ்ஸில் எனக்குக் கண்டக்டராக இருந்தவர். மற்ற இருவரையும் எனக்குத் தெரியாது. மூவருக்கும் தனித்தனியே எழுதுவதைவிட, அவர்கள் படிக்கும் இந்தப் பத்திரிகைக்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது. நாளைக்கு நாலாவது ஆள் கேட்கமாட்டான் என்பது என்ன நிச்சயம்?

செல்லும். மூன்று மாதம் செல்லும். கோலாலம்பூரில் மோட்டார் ஆபீஸ் என்று ஒன்று இருக்கிறது. அங்கே கம்பித் தடுப்புக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா இருப்பார். லைசென்சைக் கொடுத்தால் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்டு, பின்பக்கத்தில் முத்திரை குத்தி மூன்று மாதத் தவணை தருவார். அதற்குள் இந்த நாட்டுப் பரீட்சைக்கு மனுப் போட்டு ஓட்டிக்காட்ட வேண்டும். தேறினால் இந்த நாட்டு லைசென்ஸ். தவணை கழிந்து ஒரே ஒரு நாள் ஓட்டினாலும் அது லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றம். பிறகு இங்கே ஸ்டியரிங்கைத் தொடும் ஆசையையே விட்டுவிட வேண்டியதுதான். போட்டோ இரண்டு வேண்டும். காது தெரியவில்லை என்று என்னுடைய போட்டோவை ஒரு தடவை திருப்பிக் கொடுத்தார்கள். போட்டோவில் காதைக் காட்டுங்கள்.

கேள்விக்கு இதுதான் பதில். ஆனால் இதோடு நிறுத்தினால் என்னை நம்பிக் கப்பலேறுகிறவர்களை ஏமாற்றியவனாவேன். அதனால் சின்னையா என்பவருடைய கை எப்படி ஒடிந்தது என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

2

அப்பா திண்டுக்கல்லில் புகையிலை மூட்டை ஏற்றும் மாட்டுவண்டிக்காரர். கையெழுத்துப் போடத் தெரியாது, பெருவிரல்தான். எங்கள் வகையறாவில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். ஸ்கூல் பைனல் வரை போய்க் கணக்கில் விழுந்தேன். இங்கிலீஷில் விழவில்லை. பிறகு ஒரு பஸ் முதலாளியிடம் சேர்ந்து, வண்டி கழுவி, ஓட்டக் கற்று, மதுரைக்குப் போய் ஓட்டிக்காட்டி லைசென்ஸ் வாங்கினேன். அதில் என் பெயர் இங்கிலீஷில் இருந்தது. அப்பா அதைக் கையில் வாங்கி, என்ன செய்வதென்று தெரியாமல் முகர்ந்து பார்த்தார்.

முதலாளி எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்று உண்டு. "ஹாரன் அடி. ரெண்டாவது தடவையும் மாட்டுவண்டிக்காரன் விலகலைன்னா சக்கரத்தை ஒரு உரசு உரசிட்டுப் போ. நாளைக்குத் தானா விலகுவான்."

நானும் உரசினேன். ஒட்டன்சத்திரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வண்டி குடை சாய்ந்தது. வண்டிக்காரர் முள்வேலியில் போய் விழுந்தார். ஒரு மாட்டின் கொம்பு அடியோடு பெயர்ந்து, ரத்தம் அதன் கண்ணில் வழிந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன். அதே மாதத்தில் ஒரு நாள் அப்பா முழங்கைத் தோல் உரிந்து வீட்டுக்கு வந்தார். அது வேறொரு கம்பெனி பஸ். "உங்க ஆளுகதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மாவிடம் வேப்பெண்ணெய் கேட்டார்.

அடியும் ரத்தமும் இந்த நாட்டுக்கு வந்த பிறகு நான் கண்ட புதுச் சங்கதிகள் அல்ல என்பதற்காக இதை எழுதுகிறேன். அங்கே ஹாரன் என் கையில் இருந்தது, அவ்வளவுதான். நான் கப்பலேறுவதற்காக அப்பா தன் ஜோடி மாட்டை விற்றார். இப்போது மூட்டைகளைத் தோளில் சுமக்கிறார்.

3

இங்கே எனக்கு வேலை கொடுத்தவர் காசிம் ராவுத்தர். இராமநாதபுரம் ஜில்லாக்காரர். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்புகளுக்குப் பின்னால் அவருக்கு ஒரு கொட்டகையும் இரண்டு லோரிகளும் இருக்கின்றன. லாரியை இங்கே லோரி என்கிறார்கள். எனக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. அவர் என் மதுரை லைசென்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இங்கிலீஷ் பேசுவீங்களா தம்பி?"

"பேசுவேங்க."

"ரொம்பப் பேசாதீங்க."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

கிள்ளான் போகும் பெரிய சடக்கிலிருந்து – சாலையை இங்கே நம்மவர்கள் சடக்கு என்பார்கள் – மூன்று மைல் உள்ளே ஒரு ரப்பர் தோட்டம். பெயரை எழுதவில்லை. காலையில் காலி லோரியோடு அங்கே போய், புகைவீட்டில் காய்ந்த ரப்பர்ப் பாளங்களை ஏற்றி, கிள்ளானைத் தாண்டித் துறைமுகத்தில் இறக்குவது என் வேலை. இன்றைக்கும் அதுதான் வேலை. ஐந்தரைக்குக் கொட்டகை, ஏழுக்குச் சடக்கு முக்கு, உச்சி வெயிலில் துறைமுகம், திரும்பும்போது மழை.

ஏற்றி இறக்க அப்போது என்னோடு இருந்தவர் சின்னையா. முப்பத்தைந்து வயதிருக்கும். ராவுத்தரிடம் சம்பளம் வாங்கினாலும் குடியிருந்தது அந்தத் தோட்டத்து லயத்தில்தான். வேலையாட்களுக்குத் தோட்டம் கொடுக்கும் வரிசை வீடுகளை லயம் என்பார்கள். அவர் மனைவி பொன்னம்மா அங்கே ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் பால்வெட்டுக்காரி. தினமும் சின்னையா சடக்கு முக்குக்கு நடந்து வந்து என் லோரியில் ஏறிக்கொள்வார். ஹாரன் அடிக்கும் என் பழக்கம் அவருக்குப் பெரிய வேடிக்கை.

"கித்தா மரத்துக்குக் காது கிடையாது தம்பி. யாருக்கு அடிக்கிறீங்க?" என்பார். கித்தா என்றால் ரப்பர். இன்னொரு நாள், "உங்க லைசென்ஸ்ல மாடு ஓட்டலாம்னு போட்டிருக்கான்னு நல்லாப் படிச்சுப் பாருங்க" என்றார்.

தோட்டத்து வழக்கத்தை எனக்கு முதல் வாரமே சொன்னவரும் அவர்தான்.

"தோட்டத்துக்குள்ள தொரை எதிர்ல வந்தா சைக்கிள்ல போறவன் எறங்கணும். கொடையை மடக்கணும். தலைத்துணியை எடுக்கணும். லோரின்னா நிறுத்தணும். அவரு முன்னால நடந்து போனார்னா பின்னாலேயே உருட்டிட்டுப் போகணும். தாண்டக் கூடாது."

"எவ்வளவு தூரம்?"

"அவரு எவ்வளவு தூரம் நடக்குறாரோ அவ்வளவு தூரம்."

"இது எந்தச் சட்டத்துல இருக்கு அண்ணே?"

"சட்டம் உங்க சட்டைப் பையில இருக்கு. தொரை சடக்குல இருக்காரு" என்றார் சின்னையா.

நான் சிரித்தேன். படித்தவனுக்குப் படிக்காதவன் வழக்கம் சொல்லும்போது வருகிற சிரிப்பு அது. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

4

மூன்று மாதத் தவணை முடிந்தது. பரீட்சைக்கு மனுப் போட்டிருந்தேன். ஆனால் தாமதமாகப் போட்டதால் தவணை கழிந்து மூன்றாவது வாரம் திங்கட்கிழமைதான் நாள் கொடுத்தார்கள். அதுவரை லோரியை நிறுத்திவைக்க ராவுத்தரால் முடியாது. "கொஞ்ச நாள்தானே, பாத்து ஓட்டுங்க" என்றார். ஓட்டினேன்.

செத்த லைசென்சோடு ஓட்டிய ஒன்பதாவது நாள் அது. இரவெல்லாம் பெய்து காலையில் விட்டிருந்தது. தோட்டத்துச் செம்மண் சடக்கில் இரண்டாவது வளைவைத் தாண்டியதும் முன்னால் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை நடந்து போய்க்கொண்டிருந்தார். வெள்ளை அரைக்கால் சட்டை, முழங்கால் வரை வெள்ளைக் காலுறை, கையில் ஒரு தடித்த பிரம்பு. பாதை நடுவில் நடந்தார்.

சின்னையா என் தொடையைப் பிடித்தார். "நிறுத்துங்க தம்பி. தொரை."

"ரெண்டு பக்கமும் இடம் இருக்குண்ணே."

"சொல்றதைக் கேளுங்க."

"ஹாரன் அடிச்சிட்டு வலது பக்கம் தாண்டறதுதான் ரூல்ஸ்."

இரண்டு முறை அடித்தேன். அவர் திரும்பவில்லை. மூன்றாவது முறை கையை எடுக்காமல் நீளமாக அடித்தேன். அதற்குள் லோரி அவர் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டது. அவர் ஓரத்துக் கால்வாயில் ஒரு காலை வைத்தார். சகதி அவர் இடுப்பு வரை தெறித்தது. தாண்டும்போது நான் கையை நீட்டிச் சைகை காட்டினேன். மதுரையில் அதற்காக என்னைப் பாராட்டியிருந்தார்கள்.

புகைவீட்டு வாசலில் லோரியை நிறுத்தினேன். சின்னையா கீழே குதித்துத் தலைத்துணியை அவிழ்த்து இடுப்பில் சுற்றிக்கொண்டார். "நீங்க வாயைத் தொறக்காதீங்க. நான் பேசிக்கிறேன்" என்றார். தோட்டத்துக் கணக்கர், கிராணி என்பார்கள், தராசுக்குப் பக்கத்தில் நின்றவர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

பத்து நிமிஷம் கழித்துத் துரை வந்தார். நடை கொஞ்சமும் வேகப்படவில்லை. என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். பிறகு சின்னையாவிடம் தமிழில் கேட்டார். அவருடைய தமிழ் நன்றாகவே இருக்கும். தோட்டத்தில் கற்ற தமிழ்.

"என்னா சின்னையா, இவன் யாரு?"

"புது டிரைவருங்க தொரை. ஊர்லேர்ந்து வந்தவரு. தெரியாமப் பண்ணிட்டாருங்க."

அந்த இடத்தில் நான் பேசினேன். தெரியாமல் செய்தேன் என்று சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. பாதையில் போதிய இடம் இருந்தது ஐயா என்று இங்கிலீஷில் சொன்னேன்.

துரை பிரம்பை ஓங்கிச் சின்னையாவின் தோளில் அடித்தார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் குற்றமில்லை, ஓட்டியவன் நான் என்றேன். இரண்டாவது அடி முதுகில். சட்டை கிழிந்தது. நான் விதிப்படிதான் ஒலி கொடுத்தேன் என்றேன். மூன்றாவது அடி அதே இடத்தில். இவரை அடிக்க உங்களுக்கு உரிமை இல்லை என்றேன். நாலாவது அடி தலைக்கு இறங்கியது. சின்னையா வலது கையைத் தூக்கித் தடுத்தார். முருங்கைக் கிளை ஒடிகிற சத்தம் கேட்டது. முழங்கைக்குக் கீழே கை வேறொரு பக்கம் பார்த்துத் தொங்கியது. பிரம்பும் நுனியில் பிளந்துவிட்டது.

நாலு வாக்கியம், நாலு அடி. ஸ்கூல் பைனலில் கணக்கில் விழுந்தவனுக்கு இந்தக் கணக்கு நாலாவதில்தான் பிடிபட்டது.

துரை என் பக்கம் திரும்பினார். மூச்சு வாங்கவில்லை. "இன்னும் இங்கிலீஷ் இருக்கா?" என்று தமிழில் கேட்டார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் பிளந்த பிரம்பைக் கிராணியிடம் கொடுத்துவிட்டுக் காலுறை மாற்றப் பங்களாவுக்குப் போனார்.

5

பாளங்களை நான் ஒருவனே ஏற்றினேன். ஏற்றாமல் போனால் ராவுத்தருக்கு இந்தத் தோட்டமே போய்விடும் என்று சின்னையாதான் சொன்னார். அதுவரை அவர் புகைவீட்டுச் சுவரில் சாய்ந்து, ஒடிந்த கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒவ்வொரு குழிக்கும் பல்லைக் கடித்தார். ஓரிடத்தில், "ஹாரனை அடிங்க தம்பி, குழி விலகுதான்னு பாப்போம்" என்றார். என்னால் சிரிக்க முடியவில்லை. கண் மறைத்து, லோரியைக் கால்வாயில் இறக்கப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் எப்படி ஒடிந்தது என்று கேட்டார்கள். "லோரிலேர்ந்து விழுந்தேன்" என்றார் சின்னையா. நான் பக்கத்தில்தான் நின்றேன். கையை இழுத்து நேராக்கும்போது அவர் போட்ட சத்தம் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

மூன்றாம் நாள் பொன்னம்மா பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தார். கொட்டகை வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"நீதான் அந்த இங்கிலீஷ் டிரைவரா?"

"ஆமாக்கா."

"எம் புருசன் லோரிலேர்ந்து விழுந்ததாச் சொல்லிட்டுக் கிடக்குறான். விழுந்தவன் முதுகுல பிரம்புத் தடம் எப்படிடா வந்துச்சுன்னு கேட்டேன். செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டான். நீ சொல்லு."

சொன்னேன். நான் பேசிய வாக்கியங்களையும் விடாமல் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை.

"கிள்ளான்ல கூலிக்காரங்க பிராது கேக்குற ஆபீசர் ஒருத்தர் இருக்காரு. நான் போய்க் குடுத்துட்டேன். வியாழக்கிழமை எம் புருசனையும் கிராணியையும் வரச் சொல்லிருக்காரு. கிராணி நெசத்தைச் சொல்லப் போறதில்ல. பாத்தவன் நீ ஒருத்தன்தான். வரியா?"

"வரேன்க்கா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"வரேன்."

அவர் போன பிறகு ராவுத்தர் உள்ளிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சாட்சிக்காரன்கிட்ட மொதக் கேள்வி என்ன தெரியுமா தம்பி? லோரி ஓட்டினது யாரு. ரெண்டாவது கேள்வி, லைசென்சைக் காட்டு."

"திங்கக்கிழமை பரீட்சை முடிஞ்சிடும் முதலாளி."

"அது திங்கக்கிழமை. இது வியாழக்கிழமை. செத்த லைசென்ஸ்ல ஓட்டினேன்னு நீங்களே ஆபீசர் முன்னால போய்ச் சொல்லப் போறீங்க. எனக்கு லோரி போகும். உங்களுக்கு இந்த நாடே போகும்."

"அவருக்குக் கை போச்சே."

"போனது போச்சு. நீங்களும் போனா அது ஒட்டிக்குமா?"

ராவுத்தர் கெட்ட மனிதர் அல்ல. கை ஒடிந்த அன்றே சின்னையா வீட்டுக்கு அரிசி அனுப்பியவர். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. மூட்டை சுமக்கும் அப்பாவின் தோள் ஞாபகம் வந்தது. ஆனால் அப்பா பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்வது நியாயமில்லை. எனக்கு லைசென்ஸ் வேண்டியிருந்தது. என் பெயர் போட்ட அந்தக் காகிதம் எனக்கு வேண்டியிருந்தது.

6

வியாழக்கிழமை கிள்ளானுக்குப் போனேன். அதுவரை போனேன் என்பதை எழுதத்தான் வெட்கமாக இருக்கிறது. போகாமலே இருந்திருந்தால் கோழை என்று ஒரு சொல்லில் முடிந்திருக்கும்.

ஆபீசுக்கு எதிர் வரிசையில் கடைகள். நடைபாதைக்கு மேல் கடையின் மாடி நீண்டிருக்க, அதைத் தாங்கிப் பெரிய தூண்கள் வரிசையாக நிற்கும். நம்மவர் ஒருவருடைய தேத்தண்ணிக் கடை முன்னால் அப்படி ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். சின்னையா கழுத்தில் தூளி கட்டிய கையோடு வந்தார். பொன்னம்மா வெளுத்த சேலை உடுத்தியிருந்தார். கிராணி குடையோடு தனியாக வந்தார். மூவரும் உள்ளே போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் பொன்னம்மா மட்டும் வெளியே வந்து, படியில் நின்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். நான் தூணோடு ஒட்டிக்கொண்டேன். சுண்ணாம்பு சட்டையில் ஒட்டியது.

"என்ன தம்பி, ஒளிஞ்சு வெளையாட்டா?" என்றார் கடைக்காரர். "கடன் குடுத்தவனா, மாமியாரா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். பொன்னம்மா உள்ளே போனார். மறுபடியும் வந்தார். இந்தத் தடவை தெருவில் இறங்கி, வண்டிகளுக்கு நடுவில் நின்று, கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். ஒரு ரிக்ஷாக்காரர் கத்திக்கொண்டே வளைந்து போனார். நான் நாலு எட்டு வைத்தால் போதும். இருபது முழம் இருக்குமா? தூணை விட்டு ஒரு கால் வெளியே வைத்தேன். பிறகு அதை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

வெளியே வந்தபோது சின்னையாதான் முன்னால் வந்தார். அவர் நடையிலேயே தெரிந்தது. லோரியிலிருந்து விழுந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகக் கிராணி சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரிக் காகிதத்திலும் அப்படியே இருந்திருக்கிறது. பொன்னம்மாவின் பிராதுக்குச் சாட்சி சொல்ல யாருமில்லை. அந்த ஆபீசர் வேறு என்னதான் எழுத முடியும்?

7

திங்கட்கிழமை பரீட்சையில் தேறினேன். பரீட்சை வைத்த சார்ஜன்ட் வெள்ளைக்காரர், மரியாதையானவர். மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார், பின்பக்கமாக ஒரு சந்துக்குள் ஓட்டச் சொன்னார். கடைசியில் இறங்கி நின்று சில கேள்விகள் கேட்டார். பாதையின் நடுவில் ஒருவர் நடந்து போனால் என்ன செய்வாய்?

ஒலி கொடுத்து, வலது பக்கமாகத் தாண்டுவேன் ஐயா.

சரியான பதில் என்று எழுதிக்கொண்டார்.

8

துரை சின்னையாவைத் தோட்டத்தை விட்டுத் துரத்தவில்லை. கண்ணெதிரே இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, பங்களாவைச் சுற்றிப் புல் வெட்டும் வேலை கொடுத்தார். கை வளைந்தே கூடியது. மூட்டை தூக்க முடியாது. இடது கையால் அரிவாள் பிடித்துக்கொண்டு அவர் குனிந்திருப்பதை லோரியிலிருந்து பார்ப்பேன். அவர் நிமிர்ந்து பார்க்கமாட்டார். என்னோடு வேறொரு ஆள் வந்தான். ஒரு நாள் அவனுக்குக் காய்ச்சல், நான் தனியாகப் போனேன்.

முன்னால் துரை நடந்து போய்க்கொண்டிருந்தார். புதுப் பிரம்பு. நான் முதல் கியரில் போட்டு அவருக்குப் பின்னால் உருட்டினேன். ஹாரன் மேல் கை வைக்கவில்லை. சட்டைப் பையில் இந்த நாட்டு லைசென்ஸ், ஒரு கறை இல்லாமல். ரேடியேட்டர் கொதித்து மூடியிலிருந்து ஆவி வந்தது. பால்வெட்டு முடித்த பெண்கள் இரண்டு பக்கமும் வாளிகளோடு புகைவீட்டுப் பக்கம் நடந்து போனார்கள். நடக்கிறவர்கள் லோரியைத் தாண்டிப் போனார்கள். யாரோ ஒரு பெண், "மாட்டை அவுத்துக் கொண்டாங்கடி, லோரில பூட்டிப் பாப்போம்" என்றாள். சிரிப்பு எழுந்தது. துரை திரும்பியதும் அடங்கியது.

சிரித்தது யாரென்று நான் தலையைத் திருப்பினேன். அந்த நேரத்தில் முன் கண்ணாடி வெடித்தது.

முதலில் வலி தெரியவில்லை. மடியில் ஒரு கல், தேங்காய் மூடி அளவு. கண்ணாடித் தூள் வாயில் கரகரத்தது. இடது புருவத்துக்கு மேலே பிளந்து ரத்தம் கண்ணை மூடியது. பிரேக்கை மிதித்தேன். லோரி இருமி நின்றது.

மற்றக் கண்ணால் பொன்னம்மாவைப் பார்த்தேன். பத்தடியில் நின்றார். வலது உள்ளங்கை முழுக்கச் செம்மண். அவரும் என்னைப் பார்த்தார். அவசரப்படாமல், மணிக்கட்டு வரை கையை வாளிப் பாலுக்குள் விட்டு எடுத்தார். கை வெள்ளையாக வந்தது.

துரை லோரிப் பக்கம் வந்தார். நாற்பது பேர் அசையாமல் நின்றார்கள். முதன்முறையாக அவர் என்னோடு இங்கிலீஷில் பேசினார். அழகான இங்கிலீஷ், பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு யாரும் அப்படிப் பேசிக்காட்டவில்லை. நீ படித்தவன், சட்டம் தெரிந்தவன், யார் எறிந்தது என்று எனக்குச் சொல் என்றார்.

"கல்லு டயர்ல சிக்கித் தெறிச்சதுங்க தொரை" என்று தமிழில் சொன்னேன்.

ஊர்கிற லோரியின் டயரில் சிக்கிய கல் முன் கண்ணாடிக்கு வராது என்பது மோட்டார் வைத்திருக்கிறவருக்குத் தெரியாதா? என்னைச் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார். முதல் அடி கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் விழுந்தது. யார் என்று கேட்டார். டயர் என்றேன். அடுத்தது விலாவில். யார்? டயர். முழங்கால் மடிந்து சகதியில் கை ஊன்றினேன். கையின் மேல் ஒன்று விழுந்தது. யார்? மூக்கிலிருந்து வழிந்ததை விழுங்கிவிட்டு மறுபடியும் அதையே சொன்னேன். ஏழு வரை எண்ணினேன். பிறகு எண்ணிக்கை விட்டுப்போயிற்று. அவருக்கு அன்று மூச்சு வாங்கியது. போதும் என்று தோன்றியபோது பிரம்பைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பெண்கள் அவருக்குப் பின்னால் தங்கள் வாளிகளோடு நடந்தார்கள். நான் எழுந்து, கைப்பிடியைப் போட்டுச் சுற்றி, லோரியைக் கிளப்பி, அவர்களுக்கும் பின்னால் முதல் கியரில் போனேன்.

இதை யாரும் வீரம் என்று படிக்க வேண்டாம். நான் வாய் திறந்தால் அடி யாருக்கு விழும் என்ற பாடம் எனக்கு ஏற்கெனவே நடந்திருந்தது. இன்னொன்றும் உண்டு. முதுகில் விழுந்த ஒவ்வொரு அடிக்கும், இதோடு தீர்ந்தது, இதோடு தீர்ந்தது என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன். அதில் ஒரு சுகம்கூட இருந்தது.

புகைவீட்டில் பால் ஊற்ற வரிசை நின்றது. நான் லோரிப் படியில் உட்கார்ந்து புருவத்தில் துணியை அழுத்திக்கொண்டிருந்தேன். பொன்னம்மா தன் பாலை ஊற்றிவிட்டுக் காலி வாளியோடு என் பக்கம் வந்தார். கையில் பால் உறைந்து மெல்லிய தோலாகப் படிந்திருந்தது. அதை விரல் விரலாக உரித்தார். செம்மண்ணும் சேர்ந்து உரிந்து வந்தது.

"நான் சொல்லலக்கா" என்றேன்.

"நீ சொல்ல மாட்டே. கிள்ளான்ல தூணுக்குப் பின்னாடி உன் காலைப் பாத்தப்பவே தெரியும்."

துணியைத் திருப்பிப் புருவத்தில் அழுத்திக்கொண்டு, "கண்ணாடிதானே போச்சு, முதலாளிகிட்ட நான் சமாளிச்சுக்கிறேன்" என்றேன்.

உரித்த தோலை உருட்டிக் கீழே போட்டார்.

"கண்ணாடிக்கா எறிஞ்சேன்?" என்றார். "கண்ணுக்கு எறிஞ்சேன். நீ தலையைத் திருப்பிட்டே."

வாளியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு லயத்துப் பக்கம் நடந்தார்.